படகுப் பாயில் சின்னப் பொத்தல்கள்: ஒட்டினால் போதுமா, தைக்கணுமா?

கோரையாற்றுக் கரை எழுதியது:

முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் ஓடும் 22 அடி வல்லம் (பாய் கட்டி ஓட்டும் படகு). பருமலில் (பாயின் மேலோரத்தைத் தாங்கும் நீளக் கம்பு) கட்டும் வெள்ளைப் பாய். என்ன துணி என்று தெரியவில்லை, கையில் பிடித்தால் மொடமொடவென்று இருக்கும். கூடவே இன்னொரு சின்னப் பாய், அது தார்ப்பாய் துணியில் தைத்தது.

ஆடிக்காற்று முடிந்து அவிழ்த்துப் பார்த்ததில், பாய்மரத்தில் உரசும் இடத்தில் குண்டூசித் தலை அளவில் ஏழெட்டுப் பொத்தல். சுருட்டி வைத்த இடத்தில் எலி கடித்தது ஒன்று, கட்டைவிரல் நுழையும். கருவேல முள்ளில் மாட்டி ‘ட’ எழுத்தைப் போலக் கிழிந்தது ஒன்று, பக்கத்துக்கு 5 செ.மீ. இருக்கும். பாயின் பின்னோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பட்டாணி அளவில் ஒரு ஓட்டை. தார்ப்பாயிலும் இரண்டு மூன்று இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். டேப் ஒட்டினால் தாங்குமா? ஃபெவிக்விக் விட்டு மேலே துணி வைக்கலாம் என்கிறார்கள், சரியா? எந்த நூல், எந்த ஊசி? வீட்டில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் மிதிமெஷின்.

---

பருமல் எழுதியது:

ஊசி எடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். அது என்ன துணி? அதற்கு இன்னும் உயிர் இருக்கிறதா?

துணியைக் கண்டுபிடிக்க, மடித்துத் தைத்த ஓரத்தின் உள்பக்கத்திலிருந்து இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு இழையை உருவுங்கள். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு, விரலால் அமுக்கிக் காற்றுக்குமிழியை எல்லாம் வெளியேற்றுங்கள். மறுபடி மேலே வந்து மிதந்தால் பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன், அதாவது தார்ப்பாய், உரச்சாக்கு வகை. மூழ்கினால் பாலியெஸ்டர், நைலான், பருத்தி மூன்றில் ஒன்று. மூழ்கிய இழையைக் காயவைத்து, இடுக்கியில் பிடித்து, திறந்தவெளியில் மணல் போட்ட தட்டின் மேல் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி, கரும்புகை விட்டு, கறுப்பு மணியாக இறுகும். நைலானும் உருகும், ஆனால் புகை குறைவு. உருகும் இழை விரலில் ஒட்டினால் தோலோடு வரும், கவனம். மொடமொடப்பு என்று சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பிசின் ஏற்றிய பாலியெஸ்டராக இருக்க வேண்டும்.

உயிர் இருக்கிறதா என்பதற்கு ஊசிச் சோதனை. ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே ஊசியைக் குத்தி, அப்படியே ஓரத்தை நோக்கி இழுங்கள். துணி ஊசியைப் பிடித்து நிறுத்தினால் நல்லது. இழைகள் வரிசையாக அறுந்து ஊசி வெளியே வந்துவிட்டால், அந்தத் துணியை வெயில் தின்றுவிட்டது. அதில் எவ்வளவு நல்ல ஒட்டுப் போட்டாலும் அடுத்த கிழிசல் ஒட்டின் ஓரத்திலேயே தொடங்கும். பருமலை ஒட்டிய மேல்பகுதியில் ஒரு இடம், அடியோரத்தில் ஒரு இடம் என இரண்டிலும் பாருங்கள். எப்போதும் சுருளின் வெளிச்சுற்றாக வெயிலில் கிடக்கும் பகுதிதான் முதலில் சாகும்.

இன்னொன்று. துணிக்கு முன்னால் சாவது நூல். பாலியெஸ்டர் துணி இறுக்கமான நெசவு என்பதால் தையல்நூல் உள்ளே அமுங்காமல் மேலேயே நிற்கும், வெயிலும் உரசலும் அதன்மேல்தான் விழும். பாயின் துணிப் பட்டைகளை இணைத்திருக்கும் நீளத் தையல்களைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திச் சுரண்டுங்கள். நூல் பொடிப்பொடியாக வந்தால் ஓட்டையை மறந்துவிட்டு முதலில் அந்தத் தையலை முழு நீளத்துக்கும் மறுபடி போடுங்கள். சின்ன ஓட்டையோடு பாய் ஓடும், ஆனால் பட்டைத் தையல் விட்டால் பாய் இரண்டாகும்.

---

ஊசிநூல் நாகை எழுதியது:

பருமல் அண்ணன் சொன்ன சோதனையில தேறிடுச்சுன்னு வச்சுக்கிட்டு எழுதுறேன். பாலியெஸ்டர் பாய்க்கு மட்டும்.

பாதி வேலை கழுவுறதுதான். உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அதுக்கு மேல எந்தப் பசையும் நிக்காது. நல்ல தண்ணியில ஒரு மணி நேரம் ஊறவச்சு, பாத்திரம் கழுவுற சோப்பு கொஞ்சம் விட்டு மெத்தையான பிரஷ்ஷால தேய்ச்சு, ரெண்டு தடவை அலசணும். நல்ல தண்ணிங்கறதை அழுத்திச் சொல்றேன். நம்ம கடைமடையில போர் தண்ணி பாதி இடத்துல உவர். கோரையாத்துலயும் பாமணியாத்துலயும் கடல் ஏறுற பகுதித் தண்ணி ஆத்துத்தண்ணி மாதிரி இருக்கும், வாயில வச்சா கரிக்கும். நாக்குல வச்சுப் பாத்துட்டு ஊத்துங்க. நிழல்ல காயணும். அடிச்சுத் துவைக்கக்கூடாது, வாஷிங் மெஷின் கூடவே கூடாது, துணியில ஏத்தின பிசின் உடைஞ்சு பாய் தொளதொளன்னு ஆயிடும்.

காஞ்சதும் பலகை மேல சுருக்கமில்லாம விரிச்சு நாலு பக்கமும் முள்ளாணி குத்திக்கணும். ஒட்டப்போற இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடைங்க, செல்போன் ரிப்பேர் கடையில போர்டு துடைக்க வச்சிருப்பாங்க. மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப்பசை தங்கிடும்.

குண்டூசிப் பொத்தலுக்குத் தையல் தேவையில்ல. பின்பக்கம் பசை இருக்கிற பாய்த்துணி டேப்புன்னு விக்குது, அதுல 10 ரூபாய் நாணயத்தை வச்சு வரைஞ்சு ஒரு வட்டம், அதைவிட 5 மி.மீ. பெருசா இன்னொரு வட்டம். ரெண்டு பக்கமும் ஒட்டணும். ரெண்டும் ஒரே அளவா இருந்தா ரெண்டு ஓரமும் ஒரே கோட்டுல விழுந்து, துணி அந்தக் கோட்டுலயே மடங்கி மடங்கித் தேயும், அதுக்குத்தான் அளவு வித்தியாசம். எவர்சில்வர் கரண்டியோட முதுகால நடுவுலேர்ந்து வெளியே தேய்ச்சுக்கிட்டே வாங்க, அடியில காத்துப்புள்ளி ஒண்ணும் தெரியக்கூடாது. ஒரு நாள் பூரா அப்படியே விடணும். பொத்தல் நெருக்கமா இருந்தா தனித்தனி வட்டம் வேண்டாம், எல்லாத்தையும் மூடுற மாதிரி ஒரே நீள்வட்டம் போடுங்க.

எலி கடிச்சதுக்குத் தையல்தான். பிசிறு இழையெல்லாம் வெட்டி, ஓட்டையை உருண்டையா ஆக்கிட்டு, சால்ட்ரிங் அயன் நுனியால ஓரத்தை லேசா உருக்கி அடைக்கணும். ஓட்டை 2 செ.மீ.ன்னா சுத்தி 2.5 செ.மீ. துணி வேணும், ஆக 7 செ.மீ. வட்டம், டம்ளர் வாயை வச்சு வரைஞ்சா சரியா வரும். ஒட்டுத்துணியும் அதே கனம், இல்லன்னா ஒரு பிடி மெலிசு. கனமான துணி போட்டா பலம்னு நினைக்கிறது தப்பு. கனத்த ஒட்டு விறைப்பா நிக்கும், பழைய துணி அதோட ஓரத்துல கீல் மாதிரி ஆடும், ஆடுன இடத்துல கிழியும்.

பாவும் ஊடையும் (நீளவாக்கு இழையும் குறுக்கு இழையும்) ஒத்துப்போகணும். பாயோட இழை எந்தப் பக்கம் ஓடுதோ ஒட்டோட இழையும் அதே பக்கம் ஓடணும். ஒட்டுத்துணி கோணலா உக்காந்தா அது ஒரு பக்கம் இழுபடும், பாய் இழுபடாது, சுத்தி சுருக்கம் விழும். வட்டத்துல இது கண்ணுக்குத் தெரியாது, அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே பென்சில்ல ஒரு கோடு போட்டுக்குங்க.

நூல் பாலியெஸ்டர், 70 டெக்ஸ் (நூலோட தடிமன் அளவு). ஊசி 16ஆம் நம்பர். பாபின்லயும் அதே நூல். பருத்தி நூல் ஈரத்துல மக்கிடும். தூண்டில் நரம்பு பலமா இருக்கேன்னு அதை எடுக்காதீங்க, வழுக்கி முடிச்சு அவிழும், இழுபட்டா துணியை அறுக்கும். தையல் ஜிக்ஜாக்தான் நல்லது, அகலம் 4 மி.மீ., நீளம் 3 மி.மீ. துணி இழுபடும்போது ஜிக்ஜாக்கும் கூட நீளும், நேர்த்தையல் நீளாம அறுந்துடும். ஒட்டோட ஓரத்துலேர்ந்து 3 மி.மீ. உள்ள ஒரு சுத்து. அப்புறம் பாயைத் திருப்பிப் போட்டு, ஓட்டை விளிம்பை ஒட்டி 5 மி.மீ. தள்ளி இன்னொரு சுத்து. நெருக்கி நெருக்கிக் குத்தாதீங்க, தபால்தலை கிழிக்கிற ஓட்டை வரிசை மாதிரி ஆயிடும்.

உங்க வீட்டு மிதிமெஷின்ல ஜிக்ஜாக் வராது. புடவைக்கு ஃபால்ஸ் வச்சு ஓரத்துக்கு ஜிக்ஜாக் அடிக்கிற கடை எல்லா ஊர்லயும் இருக்கு. அங்க மாட்டியிருக்கிறது மெலிசு ஊசி, மெலிசு நூல், அதனால உங்க ஊசியையும் நூலையும் கையோட கொண்டுபோங்க. பாயை ரெண்டு பக்கமும் இறுக்கிச் சுருட்டித் துணிக்கிளிப் போட்டுக்கிட்டாத்தான் மெஷின் கைக்கு அடியில நுழையும். முதல்ல துண்டுத்துணியில தைச்சு, முடிச்சு ரெண்டு துணிக்கும் நடுவுல விழுதான்னு பாருங்க. மேல விழுந்தா மேல்நூல் இறுக்கம் அதிகம்.

நேர்த்தையல்தான் வழின்னா 6 மி.மீ. இடைவெளியில ரெண்டு சுத்து, தையல் நீளம் 4 மி.மீ.

---

அதிரை வல்லம் எழுதியது:

ஃபெவிக்விக் கேள்வியை யாரும் தொடவில்லை. வேண்டாம். அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடிபோல உடையும். பாய் ஒரு நாளில் ஆயிரம் முறை மடங்கி நிமிரும், பசை காய்ந்து விறைத்த வளையத்தின் ஓரத்தில் பழைய ஓட்டையைவிடப் பெரியதாகக் கிழியும். பருத்தித் துணியில் அதிகமாக ஊற்றினால் சூடேறிக் கையைச் சுடவும் செய்யும். பழுப்பு நிறப் பேக்கிங் டேப்பும் அப்படியே. நாலு நாள் வெயிலில் டேப் உரிந்துபோகும், கோந்து மட்டும் துணியில் தங்கும். அதன்மேல் பிறகு சரியான டேப் ஒட்டாது, ஊசியும் சிக்கும்.

‘ட’ கிழிசலுக்கு முறை வேறு. அங்கே துணி எதுவும் காணாமல் போகவில்லை, ஓரங்கள் பிரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். எனவே முதலில் ஓரங்களைச் சேர்த்துவிட்டு அதற்குப் பிறகே ஒட்டு. சேர்க்க மீன்முள் தையல்.

‘ட’வின் மூலை நகராமலிருக்க அங்கே ஒரு தற்காலிக இழை போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். நூலைத் தேன்மெழுகில் இழுத்து இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள். கோணி ஊசி வேண்டாம், அது போடும் துளையே தனிப் பொத்தல். கிழிசல் முடியும் இடத்துக்கு 1 செ.மீ. முன்னால் நல்ல துணியில் தொடங்குங்கள். எதிர்ப்பக்க ஓரத்தில் ஊசியைக் கீழிருந்து மேலே எடுத்து, கிழிசலைத் தாண்டி, உங்கள் பக்க ஓரத்தில் மேலிருந்து கீழே இறக்குங்கள். அடுத்து கிழிசலின் இடைவெளி வழியே, இப்போது போட்ட இழைக்கு இடப்பக்கமாக ஊசியை மேலே கொண்டுவந்து, அந்த இழையின் மேலே கடந்து, வலப்பக்கத்தில் அதே இடைவெளியில் இறக்கி, எதிர்ப்பக்க ஓரத்துக்கு அடியில் அடுத்த இழைக்குப் போங்கள். இப்படி ஒவ்வொரு இழையும் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். எங்காவது ஒன்று அறுந்தாலும் மற்றவை உருவிக்கொண்டு போகாது.

இழைக்கு இழை 5 மி.மீ. ஓரத்திலிருந்து ஒரு குத்து 4 மி.மீ., அடுத்தது 7 மி.மீ. என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லாக் குத்தும் ஒரே கோட்டில் விழுந்தால் அந்த ஒரு வரிசை இழைதான் எல்லாப் பாரத்தையும் தாங்கும். இழுத்துக் கட்டாதீர்கள், இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டால் போதும். அதிகம் இழுத்தால் அங்கே துணி கொசுவி, பாயின் வடிவமே கெடும்.

அதற்குமேல் 11 செ.மீ. சதுர ஒட்டு, நான்கு மூலையும் நாணயம் வைத்து வளைத்து வெட்டியது. கூர்மூலை விட்டால் இழுவை எல்லாம் அந்த நுனியில் குவியும். தைப்பது ஊசிநூல் நாகை சொன்னபடியே.

ஓரம் பக்கத்து ஓட்டைதான் இவற்றில் ஆபத்தானது. சின்னது என்று டேப் ஒட்டி விட்டுவிடாதீர்கள். பருமலின் மேல்நுனிக்கும் தாமான் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) கட்டும் மூலைக்கும் நடுவே பின்னோரம் முழுக்க இழுவையில் இருக்கும், காற்றில் படபடப்பதும் அந்த ஓரம்தான். அங்கே வட்ட ஒட்டு உதவாது. ஓரத்தின் நீளவாக்கில் 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஓரத்தைச் சுற்றி மடித்து இரண்டு பக்கமும் வருமாறு தையுங்கள். அகலம் ஓட்டையைத் தாண்டி 3 செ.மீ. போக வேண்டும். பட்டையின் இரண்டு முனையும் வாழையிலை நுனிபோல ஒடுங்கி முடியட்டும்.

---

கோரையாற்றுக் கரை எழுதியது:

இழை மூழ்கியது, கரும்புகை, கறுப்பு மணி. பாலியெஸ்டர்தான். ஊசிச் சோதனையில் அடியோரம் நன்றாகப் பிடித்தது. மேல்பகுதியில் இரண்டு இழை அறுந்து, அதன் பிறகு நின்றது. இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? தார்ப்பாய்க்கும் யாராவது சொல்லுங்கள்.

---

பருமல் எழுதியது:

இரண்டு இழை அறுந்து நின்றால் முதுமை, சாவு இல்லை. ஒட்டுப் போடலாம். ஆனால் மேல்பகுதியில் வரும் ஒட்டுகளுக்குச் சுற்று 2.5 செ.மீ.க்குப் பதில் 4 செ.மீ. கொடுங்கள், பாரம் அதிக இழைகளுக்குப் பிரியும். தையல் நீளத்தையும் 4 மி.மீ. ஆக்குங்கள், குத்து குறையும். பலத்த காற்றில் அந்தப் பாயை ஏற்ற வேண்டாம்.

---

வேதை உப்பளம் எழுதியது:

தார்ப்பாய் பாலித்தீன். அதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. அதன் மேற்பரப்பில் பசை பரவாமல், மெழுகின் மேல் தண்ணீர்போல உருண்டு நிற்கும். காய்ந்ததும் உரித்தால் முழுதாக வரும். இஸ்திரிப்பெட்டியால் உருக்கி ஒட்டலாம் என்பார்கள். மேல்பூச்சு உருகும் சூட்டுக்கும் உள்ளிருக்கும் நெசவு உருகும் சூட்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. கொஞ்சம் கூடினால் நெசவு சுருங்கிப் பலம் போய்விடும். துண்டில் பத்து முறை செய்து கை பழகாமல் பாயில் வைக்க வேண்டாம்.

தைப்பதுதான் நம்பகமான வழி, ஆனால் தட்டை நாடாக்களால் நெய்த துணி என்பதால் ஒவ்வொரு ஊசிக்குத்தும் ஒரு நாடாவை வெட்டுகிறது. அதனால் தையல் நீளம் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஒட்டுத்துணியின் ஓரத்தை 1.5 செ.மீ. உள்ளே மடித்து, மடிப்பின்மேல் தையுங்கள், நூலுக்கு இரண்டு மடங்கு பிடிமானம் கிடைக்கும். ஒட்டுக்கு யூரியா சாக்கை வெட்டாதீர்கள். வெயில் தாங்கும் மருந்து சேர்க்காத சாக்கு சில மாதங்களில் கையில் பொடியாக உதிரும்.

காடாத்துணிப் பாய் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து: ஒட்டுத்துணியை இரண்டு முறை நனைத்துக் காயவைத்துச் சுருங்க விட்டபிறகே வெட்டுங்கள், புதுத்துணி நனைந்தால் சுருங்கிச் சுற்றிலும் கொசுவும். மெழுகேற்றிய பருத்தி நூல். ஓரம் உருக முடியாது என்பதால் ஒட்டின் ஓரம், ஓட்டையின் ஓரம் இரண்டையும் 1 செ.மீ. மடித்துத் தைக்க வேண்டும். பருத்தி வலைக்குப் பனிச்சங்காய்ச் சாயம் ஏற்றியது பூஞ்சை பிடிக்காமல் இருக்கத்தான், பாய்க்கும் அது பொருந்தும்.

---

அதிரை வல்லம் எழுதியது:

ஒட்டியும் தைத்தும் முடித்தபிறகு, ஓட்டை எதனால் வந்தது என்பதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த ஆடியில் இதே இடத்தில் வரும். பாய்மரத்தில் உரசும் இடத்துக்கு, பொத்தல் இருக்கும் பகுதியைத் தாண்டி நாலா பக்கமும் ஒரு சாண் வருமாறு ஒரு தேய்மானத் துணி தைத்துவிடுங்கள். தேய்வது அது, வருடா வருடம் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். மரத்தில் அந்த உயரத்தில் ஆணித்தலை, சிலாம்பு, துருப்பிடித்த பட்டை ஏதாவது இருக்கிறதா என்று பழைய சேலைத்துணியைச் சுற்றி மேலும் கீழும் தேய்த்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் பாயும் மாட்டுகிறது.

எலி துணிக்காக வருவதில்லை, மீன்வாடைக்கும் கூடு கட்டவும் வருகிறது. நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பாயை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். அறுவடை நேரத்தில் நெல்மூட்டை அடுக்கிய கொட்டகையில் வைக்கவே கூடாது. உலர்த்தும்போது வேலிக் கருவேலத்தின் மேல் போடுவதும் வேண்டாம், இரண்டு கம்பு நட்டுக் கயிறு கட்டினால் முடிந்தது.

---

கோரையாற்றுக் கரை எழுதியது:

கடைசியாக ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டை விழுந்தால்?

---

ஊசிநூல் நாகை எழுதியது:

பாயை இறக்கிடுங்க, ஏத்தி வச்சுக்கிட்டு ஒட்டுனா நிக்காது. ஓட்டை அடிப்பக்கமா இருந்தா அந்த அளவுக்குப் பாயைச் சுருட்டிக் கட்டி, மிச்சப் பாயில கரைக்கு வாங்க. மேல்பக்கம்னா உப்புத்தண்ணியைத் துணியால ஒத்தி எடுத்து, குடிக்கிற தண்ணியில நனைச்ச துணியால ஒரு தடவை, காஞ்ச துணியால ஒரு தடவை துடைச்சு, ரெண்டு பக்கமும் பாய்த்துணி டேப்பு. கிழிசல்னா அதோட ரெண்டு முனையிலயும் முதல்ல டேப்பு, நடுவுல அப்புறம். ஒரு சின்ன டப்பாவுல ஒரு மீட்டர் டேப்பு, கத்தரி, 16ஆம் நம்பர் ஊசி நாலு, கையால தைக்கத் தடிச்ச ஊசி ரெண்டு, மெழுகேத்தின நூல் பத்து மீட்டர் போட்டு, தண்ணி புகாம மூடி அணியத்துல (படகோட முன்பக்கம்) வச்சிருங்க. கரைக்கு வந்ததும் அந்த டேப்பை உரிச்சுட்டுக் கழுவுறதுலேர்ந்து ஆரம்பிக்கணும், அதுக்கு மேலயே தைச்சுடாதீங்க, அடியில உப்பு இருக்கு.